குதிரைக்கும் உண்டு ஒவ்வாமை

(தோட்டப்புறக் கால்நடை வளர்ப்பு குறித்த தொலைக்காட்சி அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் மாட்டைப் பற்றிப் பேசினால் எல்லாரும் தலையாட்டுவீர்கள். ஆட்டைப் பற்றிப் பேசினால் ஆளுக்கொரு அனுபவம் சொல்வீர்கள். குதிரை என்று சொன்னதும், "நமக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ரெம்பாவ் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலில் அறிமுகமாகும் குதிரை, முனியாண்டி கோவில் வாசலில் சாயம் பூசி நிற்கிற சிமெண்டுக் குதிரை. அதற்குத் தீனியும் வேண்டாம், வைத்தியமும் வேண்டாம்.

ஆனால் உயிருள்ள குதிரையோடும் நம்மவர்களுக்கு நீண்ட காலத் தொடர்பு உண்டு. பினாங்கில் 1864ஆம் ஆண்டிலும், பேராக்கில் 1886ஆம் ஆண்டிலும், கோலாலம்பூரில் 1896ஆம் ஆண்டிலும் குதிரைப் பந்தய மன்றங்கள் தொடங்கின. அந்த மன்றங்களின் லாயங்களில் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, புல் போட்டு, இரவில் காவல் இருந்த 'சைஸ்'களில் நம் தமிழர்களும் இருந்தார்கள். குதிரையின் மீது ஏறி ஓட்டியவர் பெயர் பத்திரிகையில் வந்தது. அதைப் பராமரித்தவர் பெயர் வரவில்லை.

இன்று நிலைமை மாறிவருகிறது. சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. ஒரு குதிரை பந்தயத்தில் ஓடுவது சில ஆண்டுகள். அது உயிர் வாழ்வதோ 25, 30 ஆண்டுகள். ஓட்டம் நின்ற பிறகு அது எங்காவது இருந்தாக வேண்டும் அல்லவா? சவாரிப் பள்ளிகளுக்கும், கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர்களிடமும், ஆசைக்கு ஒன்றிரண்டு வளர்ப்பவர்களிடமும் அவை போய்ச் சேர்கின்றன. செம்பனைத் தோட்ட ஓரத்தில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், இரண்டு குதிரைகளைக் கட்டிவைத்து வளர்ப்பது இன்று பெரிய அதிசயம் இல்லை.

அப்படி வளர்ப்பவர்களை வதைக்கிற ஒரு பிரச்சினையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். குதிரை ஓயாமல் உடம்பைத் தேய்த்துக்கொள்கிறது. பிடரி முடி கொட்டுகிறது. வால் மூளியாகிறது. தோல் புண்ணாகிறது. என்ன மருந்து போட்டாலும் நிற்கவில்லை.

எப்படிக் கண்டுகொள்வது?

முதலில் வாலைப் பாருங்கள். வாலின் அடிப்பகுதியில் முடி ஒடிந்து, தேய்ந்த துடைப்பம் மாதிரிக் குத்திட்டு நிற்கும். அடுத்து பிடரியைப் பாருங்கள். முடி கற்றை கற்றையாக உதிர்ந்து, அடியில் தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும். முகம், காது, முதுகின் தோள் மேடு, வயிற்றின் நடுக்கோடு ஆகிய இடங்களிலும் பொடுகும் சிறு கொப்புளங்களும் இருக்கும்.

பிறகு குதிரையை விட்டுவிட்டு லாயத்தைப் பாருங்கள். தூண், கதவு, வேலிக் கம்பம் ஆகியவற்றில் ஒரே உயரத்தில் முடி ஒட்டிக்கொண்டிருக்கும். மரச் சட்டம் வழவழவென்று தேய்ந்திருக்கும். இரவெல்லாம் அந்தப் பிராணி என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

தினவு எடுத்த குதிரை சரியாகத் தின்னாது, நிம்மதியாக நிற்காது. சேணம் போட்டால் முரண்டு பிடிக்கும். "திமிர் பிடித்த குதிரை" என்று அடி வாங்கும். கடைசியில், "இது தோல் வியாதிக் குதிரை" என்று வந்த விலைக்கு அதைத் தள்ளிவிடுகிறார்கள். வாங்கிய அடுத்தவர் வீட்டிலும் அதே கதை தொடர்கிறது. பார்த்துக்கொண்ட வேலைக்காரரும் தப்புவதில்லை. "நீ ஒழுங்காகக் குளிப்பாட்டவில்லை" என்று பழி அவர் தலையில் விழுகிறது.

நம் ஊரில் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. உடம்பில் சூடு ஏறிவிட்டது என்பார்கள். இரத்தம் கெட்டுவிட்டது என்பார்கள். கண் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டுவார்கள். அழுக்கு என்று தினமும் இரண்டு வேளை சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள். இவை எதுவும் காரணம் அல்ல.

உண்மையான காரணம்

மலாய்க்காரர்கள் 'அகாஸ்' என்று சொல்லும் பூச்சியை நீங்கள் அறிவீர்கள். மாலையில் ஆற்றோரம் நின்றால் கண்ணுக்குத் தெரியாமல் சுருக்கென்று கடிக்குமே, அதுதான். ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். விஞ்ஞானிகள் இதைக் 'குலிகாய்டிஸ்' என்று அழைக்கிறார்கள். கொசுவைப் போலவே இதிலும் பெண் பூச்சிதான் கடிக்கிறது. முட்டையிட அதற்கு இரத்தம் வேண்டும்.

அது கடிக்கும்போது தன் எச்சிலில் கொஞ்சத்தைத் தோலுக்குள் விட்டுவிடுகிறது. பெரும்பாலான குதிரைகளுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. சில குதிரைகளின் உடம்பு மட்டும் அந்த எச்சிலை மகா பகைவனாக எண்ணிப் போர் தொடுத்துவிடுகிறது. அந்தப் போரின் விளைவுதான் அரிப்பு. நம்மில் சிலருக்கு இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடுகிறது, பக்கத்தில் அமர்ந்து அதே இறாலைச் சாப்பிட்டவருக்கு ஒன்றும் ஆவதில்லை. குதிரைக்கும் அப்படித்தான். இதற்குப் பெயர் ஒவ்வாமை.

இது இன்று நேற்று தெரிந்த விஷயம் அல்ல. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 1950களின் தொடக்கத்தில் ரீக் என்ற ஆய்வாளர், இந்த அரிப்புக்குக் காரணம் குலிகாய்டிஸ் கடியினால் வரும் ஒவ்வாமை என்று எடுத்துக்காட்டினார். அதனால் 'குயின்ஸ்லாந்து இட்ச்' என்ற பெயரும் இதற்கு உண்டு. இங்கிலாந்தில் 'ஸ்வீட் இட்ச்' என்பார்கள். பெயரில்தான் இனிப்பு இருக்கிறது.

இங்கே இரண்டு விஷயங்களை மனத்தில் வையுங்கள். ஒன்று, இது தொற்றுநோய் அல்ல. ஒரு குதிரையிலிருந்து மற்றொன்றுக்கோ, குதிரையிலிருந்து உங்கள் பிள்ளைக்கோ இந்த ஒவ்வாமை தொற்றாது. இரண்டு, ஒரே லாயத்தில் பத்துக் குதிரைகள் இருந்து ஒன்று மட்டும் சொறிந்தால், "மற்றதெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, அப்படியானால் பூச்சி காரணமாக இருக்காது" என்று முடிவு கட்டாதீர்கள். ஒவ்வாமையின் இயல்பே அதுதான்.

ஐஸ்லாந்து சொல்லும் செய்தி

வட துருவத்துக்கு அருகே ஐஸ்லாந்து என்றொரு தீவு நாடு இருக்கிறது. அங்கே வெளிநாட்டுக் குதிரையை உள்ளே விடமாட்டார்கள். தங்கள் குதிரை ஒன்று ஒருமுறை வெளியே போய்விட்டால் அதையும் திரும்ப அனுமதிக்கமாட்டார்கள். நெடுங்காலமாக அங்கே இந்தக் கடிக்கும் பூச்சியின் தொல்லை கிடையாது. அங்கு பிறந்து வளர்ந்த குதிரைகளைப் பெரிதான பிறகு ஐரோப்பாவின் பிற நாடுகளுக்குக் கொண்டுபோனபோது என்ன நடந்தது தெரியுமா? பூச்சி மிகுந்த இடங்களில் சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதிக் குதிரைகளுக்கு இந்த அரிப்பு வந்தது. அதே இனத்தின் குட்டிகள் ஐரோப்பாவிலேயே பிறந்து, சின்ன வயதிலிருந்தே பூச்சிக் கடியில் வளர்ந்தபோது, அவற்றில் மிகக் குறைவானவற்றுக்கே வந்தது.

இந்தச் செய்தி நமக்கு எதற்கு? நம் நாட்டுக்குப் பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வளர்ந்த பிறகு வருகின்றன. ஆஸ்திரேலியாவில் அகாஸ் வகைகள் உண்டு என்றாலும், குளிர்ந்த பகுதியில் வளர்ந்த குதிரைக்கு நம் ஊர்ப் பூச்சிகள் புதியவை. வந்த முதல் ஆண்டில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். உடம்பு அந்த எச்சிலை அடையாளம் கண்டு பகை பாராட்டக் காலம் பிடிக்கிறது. இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ அரிப்புத் தொடங்கும். "போன வருஷம் நன்றாக இருந்ததே, தீவனக்காரன்தான் ஏமாற்றிவிட்டான்" என்று நாம் வேறு பக்கம் தேடிக்கொண்டிருப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஒவ்வாமைத் தன்மை பரம்பரையாகவும் வரக்கூடியது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பெண் குதிரையை இனவிருத்திக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

ரெம்பாவ் மண்ணும் பூச்சியும்

குளிர் நாடுகளில் இந்தத் தொல்லை கோடை காலத்தோடு முடிந்துவிடும். பனிக்காலத்தில் குதிரைக்கு விடுமுறை. நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வருடம் முழுக்க வெயில், வருடம் முழுக்க ஈரம். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை கூடும்போது பூச்சியும் கூடும்.

இந்தப் பூச்சி எங்கே முட்டையிடுகிறது? ஈர மண்ணில், சேற்று ஓரத்தில், அழுகும் இலை தழையில், சாணத்தில். இப்போது ரெம்பாவைச் சுற்றிக் கண்ணை ஓட்டுங்கள். ஒரு பக்கம் பழைய வயல்காடு. ஒரு பக்கம் லிங்கி ஆற்றுக்கு ஓடும் ஓடைகள். பெடாஸ், செம்போங் பக்கமெல்லாம் பால்மரமும் செம்பனையும். தோட்டத்துக்குள் வரிசை வரிசையாக வாய்க்கால்கள். வெட்டிப் போட்ட மட்டைகள் மழையில் நனைந்து மக்குகின்றன. வீட்டோரத்தில் வெட்டிச் சாய்த்த வாழைத் தண்டு அழுகுகிறது. பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. அகாஸுக்கு இதைவிட வசதியான குடியிருப்பு எங்கே கிடைக்கும்?

அதனால்தான் சொல்கிறேன், குதிரையின் தோலுக்கு வைத்தியம் பார்ப்பதற்கு முன்னால், குதிரை நிற்கும் இடத்துக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். சாணத்தைத் தினமும் அள்ளி, லாயத்திலிருந்து தூரத்தில் கொட்டி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். தண்ணீர்த் தொட்டி ஒழுகிச் சேறு சேர்கிறதா பாருங்கள். லாயம் கட்டுவதாக இருந்தால் மேட்டுப் பாங்கான, காற்றோட்டமான இடத்தில் கட்டுங்கள். வாய்க்காலோரம் வேண்டாம். மாட்டுக் கொட்டகையை ஒட்டியும் வேண்டாம். வாடகை குறைவு என்று ஆலைக் கழிவுநீர்க் குளத்தின் ஓரத்தில் குதிரையைக் கட்டிவிட்டு, பிறகு மருந்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு செலவு செய்வதில் என்ன லாபம்?

மாலை ஆறு மணி

அகாஸ் வெளிவரும் நேரம் அந்தியும் விடியலும். நம் பகுதியில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணி முதல் ஏழரை மணிக்குள் சூரியன் மறைகிறது. விடிவதும் ஏழு மணி வாக்கில்தான். ஆகவே மாலை ஆறு மணிக்குள் குதிரை லாயத்துக்குள் வந்துவிட வேண்டும். காலையில் எட்டு, எட்டரைக்கு மேல் வெயில் ஏறிய பிறகு வெளியே விடலாம். வெயிலில் வாடக் கூடாது என்று இரக்கப்பட்டு, பகலில் உள்ளே கட்டி அந்தி நேரத்தில் மேய விடுபவர்கள் உண்டு. எண்ணம் நல்லதுதான். ஆனால் அதுதான் பூச்சிக்கு நாம் வைக்கும் விருந்து. பகலில் வெளியே விட்டு, நிழலுக்கு ஒரு கூரையும் குடிக்கத் தண்ணீரும் வைத்துவிடுங்கள்.

லாயத்துக்குள் வந்துவிட்டால் மட்டும் போதாது. சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் அகாஸ் நுழைந்துவிடும். மிக நுண்ணிய கண்ணுள்ள வலையாகப் பார்த்துக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் உள்ளே புழுக்கம் கூடும். அதனால் மின்விசிறி அவசியம். மின்விசிறியால் இன்னொரு பயனும் உண்டு. அகாஸ் பலவீனமாகப் பறக்கும் பூச்சி. மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தாலே அதனால் சரியாகப் பறந்து வந்து உட்கார முடியாது. தலையிலிருந்து வால்வரை காற்றுப் படும்படி பெரிய விசிறி ஒன்றை வையுங்கள். கம்பியை எலியும் குதிரையும் கடிக்காத உயரத்தில் இழுங்கள். செலவு என்று பார்த்தால், கையில் கொஞ்சம் காசுதான் இருக்கிறது, ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் சொல்வது மின்விசிறிதான்.

வெளிச்சமும் பூச்சியை இழுக்கும். லாயத்துக்குள் இரவு முழுவதும் வெள்ளைக் குழல் விளக்கு எரிய வேண்டாம்.

குதிரைக்குப் போர்த்தும் பூச்சிப் போர்வைகள் கடையில் கிடைக்கின்றன. கழுத்து, வயிறு, வால் அடி எல்லாவற்றையும் மூடும் வகை நல்லது. ஆனால் குளிர் நாட்டுக்காகத் தைத்த கனத்த போர்வையை நம் ஊர் வெக்கையில் போடாதீர்கள். வலைத் துணியால் ஆன மெல்லிய போர்வையாகப் பார்த்து வாங்குங்கள். தினமும் கழற்றி அடியில் ஈரமோ உராய்வோ இருக்கிறதா என்று பாருங்கள். வெப்ப நாடுகளுக்கு வந்த குதிரைகளில் சில, நாளடைவில் வியர்வையே சுரக்காமல் போவதுண்டு. அத்தகைய குதிரைக்குப் போர்வை ஆபத்தாகக்கூட முடியலாம்.

தோலுக்கு என்ன செய்யலாம்?

குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டினால் அரிப்புக் குறையும். கால்நடை மருத்துவர் சொல்லும் மென்மையான ஷாம்பு போதும். துணி துவைக்கும் சோப்பு வேண்டாம். அது தோலை வறளச் செய்து அரிப்பைக் கூட்டிவிடும்.

பூச்சி விரட்டிகளில் பெர்மெத்ரின் கலந்தவை பலன் தருகின்றன. குதிரைக்கென்று தயாரித்ததை, அதன் சீட்டில் எழுதியிருக்கும் அளவில் மட்டும் பயன்படுத்துங்கள். லாயத்தில் எலி பிடிக்கப் பூனை வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். மிச்சத்தை ஓடையில் கொட்டினால் மீனும் செத்துவிடும்.

'செராய் வாங்கி' எண்ணெய், வேப்பெண்ணெய் இவற்றைப் பற்றிக் கேட்பீர்கள். இவற்றின் வாடைக்குப் பூச்சி சற்று விலகும் என்பது உண்மை. ஆனால் அந்த வாடை நீண்ட நேரம் நிற்பதில்லை. தடவுவதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டு நீர்க்கச் செய்து, முதலில் கையளவு இடத்தில் தடவி ஒருநாள் பார்த்துவிட்டு, அந்தியில் மறுபடியும் தடவ வேண்டும். புண்ணின் மேல் வேண்டாம்.

இனி, செய்யக் கூடாததைச் சொல்கிறேன். இதை மட்டுமாவது தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

லாரியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசாதீர்கள். மண்ணெண்ணெய் பூசாதீர்கள். தோல் வெந்துபோகும், நஞ்சும் உள்ளே இறங்கும்.

மாட்டுக்கு உண்ணி மருந்தாகப் பயன்படும் அமிட்ராஸ் என்ற மருந்தைக் குதிரைக்கு அடிக்காதீர்கள். மாடு தாங்கும், குதிரை தாங்காது. அது குதிரையின் குடல் அசைவையே நிறுத்தி, உணவு அடைத்துக்கொண்டு, கடும் வயிற்று வலியில் கொண்டுபோய் விடும். மாடும் குதிரையும் ஒரே இடத்தில் வளரும் தோட்டப்புறத்தில் இந்தத் தவறு நடப்பது மிகச் சுலபம். போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளைவிட்டாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் முதுகுப் பம்பைக் கழுவிவிட்டோம் என்று நம்பி, அதில் பூச்சி விரட்டியை ஊற்றிக் குதிரை மேல் அடிக்காதீர்கள். குதிரைக்கென்று தனியாக ஒரு கைத் தெளிப்பான் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டுக் கொட்டகையில் மூட்டம் போடுவது நம் பழைய பழக்கம். புகைக்குப் பூச்சி ஒதுங்கும். ஆனால் மூடிய லாயத்துக்குள் இரவு முழுதும் புகை போட்டால் குதிரையின் நுரையீரல் பாதிக்கப்படும். காய்ந்த வைக்கோல் பக்கத்தில் நெருப்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

மருத்துவரின் பங்கு

தோல் புண்ணாகி, குதிரை தீனியை விட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கும் நிலை வந்துவிட்டால் மருத்துவரை அழைத்தே ஆக வேண்டும். பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளை அவர் கொடுக்கலாம். இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும். அதைப் பார்த்ததும் நமக்கு ஆசை வந்துவிடும். அடுத்த முறை மருத்துவரைக் கூப்பிடாமல், யாரிடமோ கேட்டு நாமே ஊசி போடத் தொடங்கிவிடுவோம். ஸ்டீராய்டு அளவு மீறினால் குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நடக்க முடியாமல் போகக்கூடும். அரிப்புக் குதிரையை நொண்டிக் குதிரையாக்கிவிடாதீர்கள். மனிதருக்குக் கொடுக்கும் ஒவ்வாமை மாத்திரை வகைகள் குதிரைக்குப் பல நேரங்களில் போதிய பலன் தருவதில்லை.

புதிய முயற்சிகளும் நடக்கின்றன. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர ஆய்வாளர்கள், ஒவ்வாமைக்குத் துணைபோகும் ஓர் உடற்பொருளைக் கட்டுப்படுத்தும் தடுப்பூசியை ஐஸ்லாந்துக் குதிரைகளுக்குப் போட்டு, நல்ல பலன் கண்டதாக 2018ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். அதற்காக மாலை ஆறு மணிக் காவலைக் கைவிட்டுவிடக் கூடாது.

மருத்துவரை அழைப்பதற்கு இன்னொரு முக்கியமான காரணம் உண்டு. எல்லா அரிப்பும் அகாஸ் அரிப்பு அல்ல. வாலை மட்டும் தேய்த்தால் ஆசன வாயில் கீரிப்பூச்சி இருக்கலாம். வட்ட வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது நமக்கும் தொற்றும். மழையில் நனைந்த முதுகில் பொருக்குப் பொருக்காகக் கிளம்பினால் அது கிருமித் தொற்று. காலை உதைத்துக் கடித்துக்கொண்டால் சிற்றுண்ணியோ பேனோ இருக்கலாம். காய்ச்சல், உடல் மெலிவு, கால் வீக்கம் என்று கண்டால் பெரிய ஈக்கள் பரப்பும் 'சர்ரா' என்ற இரத்த நோயைச் சந்தேகிக்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

காரணம் தெரியாமல் வைத்தியம் செய்தால் என்னவாகும் என்பதை நெகிரி செம்பிலான் மக்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1998ஆம் ஆண்டு தொடங்கிய அந்தக் காய்ச்சல், மறு ஆண்டில் நம் பக்கத்து மாவட்டமான போர்ட்டிக்சனின் புக்கிட் பிலாண்டோக்கைச் சூறையாடியது. கொசு பரப்பும் மூளைக் காய்ச்சல் என்று முதலில் எண்ணி, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 1999 மார்ச்சில்தான் அது பன்றிகள் வழியாக வந்த புதிய கிருமி என்று தெரிந்தது. அங்கிருந்த சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. நாட்டில் 105 உயிர்கள் போயின. அந்தத் துயரத்தோடு குதிரையின் தினவை நான் ஒப்பிடவில்லை. ஆனால் அது கற்றுத்தந்த பாடம் எல்லா உயிருக்கும் பொருந்தும். முதலில் நோய் இன்னதென்று தெரிய வேண்டும், பிறகுதான் மருந்து.

அரிப்போடு நிற்காத ஆபத்து

"சொறிந்தால் சொறிந்துவிட்டுப் போகட்டும், உயிரா போகிறது?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாய்லாந்தில், பாக் சோங் என்ற பகுதியில் குதிரைகள் திடீர் திடீரென்று இறந்தன. அது ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்று மார்ச் மாதத்தில் உறுதியானது. 500க்கும் மேற்பட்ட குதிரைகள் மடிந்தன. அதே ஆண்டில் நம் மலேசியாவிலும் அந்த நோய் பதிவானது. அதைக் குதிரைக்குக் குதிரை கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு எதுவும் இல்லை, இதே அகாஸ்தான். அப்போது தாய்லாந்தில் தடுப்பூசியோடு சேர்த்து எதை அவசரமாகச் செய்தார்கள் தெரியுமா? லாயங்களைச் சுற்றி நுண்ணிய வலை கட்டினார்கள்.

ஆக, அரிப்புக்காக நாம் கட்டும் வலையும் வைக்கும் விசிறியும் அள்ளும் சாணமும், நாளைக்கு ஒரு பெரிய நோய் வந்தால் அதே குதிரையின் உயிரைக் காக்கும். சொறியாத குதிரைக்கும் சேர்த்துத்தான் இந்தக் காவல். திடீர்க் காய்ச்சல், கண்ணுக்கு மேல் குழியில் வீக்கம், மூச்சுத் திணறல், மூக்கில் நுரை என்று எதைக் கண்டாலும் காத்திருக்காமல் கால்நடைச் சேவை இலாகாவுக்குத் தகவல் கொடுங்கள். கடுமையான நோய்க்குச் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது.

வாங்குவதற்கு முன்

கடைசியாக, குதிரை வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தயத்தை விட்ட குதிரை குறைந்த விலைக்குக் கிடைக்கும். விலை குறைவு என்பதற்காகச் செலவும் குறைவு என்று நினைக்காதீர்கள். பார்க்கப் போகும்போது பகலில் மட்டும் போகாமல் அந்தி நேரத்தில் ஒருமுறை போங்கள். பிடரியை விலக்கித் தோலைத் தடவிப் பாருங்கள். வால் முடியைத் தூக்கி அடிப்பகுதியைப் பாருங்கள். பிடரி மொட்டையாக வெட்டப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். எங்கே பிறந்தது, இந்த நாட்டுக்கு வந்து எத்தனை ஆண்டு, முன்பு எந்த மருந்து போட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் இடம் வாய்க்காலோரத் தாழ்நிலமாக இருந்து, மாலையில் குதிரையை உள்ளே கொண்டுவர வீட்டில் ஆளும் இல்லையென்றால், அந்த ஆசையைச் சற்றுத் தள்ளிப்போடுவதுதான் குதிரைக்குச் செய்யும் நன்மை.

ஏற்கெனவே அரிப்புள்ள குதிரையை வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். இந்த ஒவ்வாமை முற்றிலும் நீங்கிவிடும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஆனால் கடியைக் குறைத்தால் அரிப்புக் குறையும். அரிப்புக் குறைந்தால் புண் ஆறும். புண் ஆறினால் சில மாதங்களில் முடி திரும்ப வளரும். வாய் பேசத் தெரியாத பிராணி தூணில் தேய்த்து நம்மிடம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சவுக்கால் பதில் சொல்லாதீர்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரரையும் திட்டாதீர்கள். அவர் கையில் ஒரு விசிறியும், ஒரு நல்ல வலையும், சாணம் அள்ள ஒரு தள்ளுவண்டியும் வாங்கிக் கொடுங்கள்.